உம்மும்மாவின் பாக்குவெட்டி

 

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரமிருக்கும்போது வாசியுங்கள். மூன்று வருடமாக எழுதலாமா, வேண்டாமா என்று வைத்திருந்த விஷயம். சம்பந்தப்பட்ட பையன் உயர்தரம் முடித்துவிட்டான். போன மாதம் டவுனில் கண்டபோது அனுமதி கேட்டேன். "எழுதுங்க சேர், பேர மட்டும் போட்றாதீங்க" என்றான். தோட்டத்தின் பெயரையும் நான் எழுதவில்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து கமெண்டில் எழுத வேண்டாம்.

எங்கள் மூத்தாப்பா ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் கடை வைத்திருந்தது பலருக்குத் தெரியும். இன்றும் வயதானவர்கள் அந்த இடத்தை "நானா கடை முடக்கு" என்றுதான் சொல்கிறார்கள், கடை இல்லாமல் போய் எத்தனையோ காலம். 1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்து, 1975இல் கம்பெனித் தோட்டங்களும் அரசாங்கத்தின் கைக்குப் போனபோது வெள்ளைக்காரத் துரைமார் மிச்சமிருந்தவர்களும் மூட்டை கட்டினார்கள். பங்களாச் சாமான்களைக் கிடைத்த விலைக்கு விற்றார்கள். மூத்தாப்பா இரண்டு கதிரை, ஒரு மேசை விளக்கு, ஒரு தகரப் பெட்டி வாங்கினார். கதிரை ஒன்று இப்போதும் எங்கள் வீட்டு முன் விறாந்தையில் இருக்கிறது. தகரப் பெட்டிக்குள் சில்லறைச் சாமான்கள். அதில் ஒன்றுதான் இந்தக் கதையின் நாயகன்.

இரும்பாலான ஒரு இடுக்கி. இரண்டு கைப்பிடி, ஒரு மூட்டு, நுனியில் இரண்டு தடித்த தாடை. உம்மும்மா அதைத் துரை வீட்டுப் பாக்குவெட்டி என்று முடிவு செய்தார். பாக்கு வெட்டவில்லை. ஆனால் எங்களுக்கு இருமல் வந்தால் கற்கண்டு உடைக்க அதைத்தான் எடுப்பார். அந்தத் தாடைக்குள் எந்தக் காலத்து ஈயமோ ஒட்டியிருந்திருக்கும். எங்கள் தலைமுறையின் கணித மதிப்பெண்களுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்று தம்பி இப்போது சொல்லிச் சிரிக்கிறான்.

நான் ஆசிரியரான பிறகுதான் அதை ஒருநாள் ஒழுங்காகக் கழுவிப் பார்த்தேன். தாடை இரண்டும் சேரும் இடத்தில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு குழி. மூடினால் உள்ளே ஒரு சன்னத்தின் வடிவம். கைப்பிடியில் 'ஐடியல்' என்றும் '45-70' என்றும் பொறித்திருந்தது. பாக்குவெட்டி அல்ல. துவக்குத் தோட்டாவை வீட்டிலேயே திரும்பத் திரும்ப நிரப்புகிற கருவி. அமெரிக்காவில் ஜோன் பார்லோ என்பவர் 1884இல் தொடங்கிய கம்பெனியின் சாமான். ஒரே இடுக்கியில் எல்லா வேலையும் ஆகிவிடும். ஒரு முனையில் ஈயத்தை வார்க்கலாம். சுட்டு முடிந்த பித்தளை உறையிலிருந்து பழைய கேப்பைத் தள்ளிவிட்டுப் புதியதை அழுத்தலாம். மருந்து போட்ட உறையின் வாயில் சன்னத்தை இருத்தி இறுக்கலாம்.

'45' என்றால் சன்னத்தின் குறுக்களவு, ஒரு அங்குலத்தில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு. '70' என்றால் கறுப்பு வெடிமருந்து எழுபது கிரெய்ன். கிரெய்ன் என்பது மிகச் சின்ன நிறை, 7000 சேர்ந்தால்தான் ஒரு இறாத்தல். இந்தத் தோட்டா 1873இல் அமெரிக்க இராணுவத்துக்காக வந்தது. அதன் சன்னம் 405 கிரெய்ன். நம் கணக்கில் 26 கிராமும் கொஞ்சமும்.

மூத்தாப்பா சொன்ன ஒரு விஷயம் அப்போதுதான் விளங்கியது. அந்தத் துரையிடம் "கீழே ஒரு வளையத்த இழுத்து இழுத்துச் சுடுற துவக்கு" இருந்ததாம். போகும்போது அதைப் பொலிஸில் ஒப்படைத்துவிட்டாராம். கவ்பாய் படங்களில் பார்த்திருப்பீர்கள். விசைக்குக் கீழே உள்ள வளையத்தை முன்னால் தள்ளி இழுத்தால் வெற்று உறை வெளியே பாயும், அடுத்த தோட்டா ஏறும். வின்செஸ்டர் கம்பெனி 1886இல் விட்ட மாதிரி, இந்தப் பெரிய 45-70 தோட்டாவையும் தாங்கியது.

அந்த வகைத் துவக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. தோட்டாக்கள் குழலுக்குக் கீழே இன்னொரு குழாய்க்குள் வரிசையாகப் படுத்திருக்கும், ஒன்றின் மூக்கு முன்னாலுள்ளதின் பின்புறத்தைத் தொட்டபடி. பின்புறத்தில்தான் கேப் இருக்கிறது. மூக்கு கூராக இருந்தால் சுடும் அதிர்ச்சியில் முன்னாலுள்ள கேப்பைக் குத்தி, குழாய்க்குள்ளேயே வெடித்துவிடலாம். ஆகவே தட்டை மூக்குச் சன்னம்தான் போட வேண்டும். சன்னத்தைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கும். உறையின் வாயை அந்தப் பள்ளத்துக்குள் மடித்து இறுக்காவிட்டால், குழாய்க்குள் இருக்கும் ஸ்பிரிங் அழுத்தத்திலும் அதிர்விலும் சன்னம் உறைக்குள் இறங்கிவிடும். பாரத்தைக் கூட்டுவதற்கும் எல்லை உண்டு. பாரமான சன்னம் நீளமாகவும் இருக்கும். வெளியே நீட்டினால் தோட்டா நீண்டு மேலே ஏறாமல் சிக்கும். உள்ளே தள்ளினால் மருந்துக்குரிய இடத்தைப் பிடித்து, உள்ளே அழுத்தம் ஏறும். வீட்டு மேசையில் உட்கார்ந்து தோட்டா நிரப்புகிறவன் இதையெல்லாம் நிறுத்துப் பார்த்து, அளந்து பார்த்துத்தான் செய்ய வேண்டும். தவறினால் துவக்கு அவன் முகத்திலேயே வெடிக்கும்.

இவ்வளவு பாடுபட்டு ஏன் பாரமான சன்னம்? வேகமாகப் போகிற சின்னச் சன்னம் தோலில் பட்டதும் சிதறிப் போகலாம், எலும்பில் பட்டுத் திசை மாறலாம். மெதுவாகப் போகிற பாரமான சன்னம் எலும்பையும் தாண்டி உள்ளே போகும். மரை போன்ற பெரிய மிருகம் விழ வேண்டிய இடத்திலேயே விழும். தூரத்துக்கு அது உதவாது, எறிந்த கல் மாதிரி வளைந்து கீழே இறங்கிவிடும். ஆகவே கிட்டப் போக வேண்டும், பார்த்துச் சுட வேண்டும்.

இதெல்லாம் எனக்கு ஏன் பிடித்துப் போனது என்று யோசித்திருக்கிறேன். துவக்கின் மீது எனக்கு ஆசை இல்லை. எங்கள் வாப்பா குர்பான் கொடுக்கும் நாளில் கத்தி தீட்டுவது ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் பின்னால் போய், மாடு பார்க்காத இடத்தில் தீட்டுவார். நகத்தில் வைத்துப் பார்ப்பார். திரும்பத் தீட்டுவார். அறுப்பதாக இருந்தால் அதையும் அழகாகச் செய்யுங்கள், கத்தியைக் கூராக்குங்கள், பிராணிக்கு வேதனையைக் குறையுங்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் சொல். வேட்டைக்கும் அப்படித்தான். எறிந்த கோலின் கூர்முனை துளைத்துச் செத்தால் உண்ணலாம், அதன் அகலப் பக்கம் பட்டு அடியால் செத்தால் கூடாது என்று ஹதீஸ் இருக்கிறது. துவக்குச் சன்னம் கூர்முனைக் கணக்கா, அடிக் கணக்கா என்பதில் உலமாக்கள் கருத்து வேறுபட்டிருக்கிறார்கள். அதற்குள் நான் போகவில்லை, அது என் வேலையும் அல்ல. உயிரோடு கையில் கிடைத்தால் அறுத்துவிட வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதற்கு முதலில் நீ அதன் பின்னால் போயிருக்க வேண்டும், இல்லையா?

சரி, வகுப்புக்கு வருகிறேன்.

தரம் 11க்கு வரலாறு எடுக்கும்போது மலையகத்தில் பெருந்தோட்டம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். கோப்பி, 1869இல் வந்த இலைநோய், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 1867இல் நட்ட தேயிலை. பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். நான் வேறு பக்கத்தால் தொடங்குவேன். "நுவரெலியாவில் யானை இருந்ததா?" கொட்டாவி நின்றுவிடும்.

இருந்தது. சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் 1846இல் வேட்டையாடுவதற்காகவே இலங்கைக்கு வந்தார். காய்ச்சலில் விழுந்து, தேறுவதற்கு நுவரெலியாவுக்கு வந்தவருக்கு ஊர் பிடித்துவிட்டது. 1848இல் குடும்பம், வேலையாட்கள், மாடு, ஆடு, வேட்டை நாய் எல்லாவற்றோடும் வந்து பண்ணை போட்டு, 1855 வரை இருந்தார். ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனவர்கள் பார்க்கும் பேக்கர் நீர்வீழ்ச்சி அவர் பெயர்தான். பிறகு ஆபிரிக்காவில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய் இன்னும் பெரிய ஆளானார். அவருக்காக 1840இல் பிரிஸ்டலில் கிப்ஸ் என்பவர் ஒரு துவக்குச் செய்து கொடுத்தார். அதன் நிறை 21 இறாத்தல். பத்துக் கிலோ அரிசிப் பையைத் தோளில் வைத்துக் குறி பார்ப்பது போல. சன்னம் நான்கு அவுன்ஸ், 113 கிராம், ஒரு சவர்க்காரக் கட்டியின் நிறை. ஒவ்வொரு வெடிக்கும் மருந்து 16 டிராம், அதாவது ஒரு முழு அவுன்ஸ். தோட்டா என்ற பேச்சே இல்லை. குழல் வாயால் மருந்தைக் கொட்டி, சன்னத்தைத் திணித்து, கோலால் இடிக்க வேண்டும். அடிபட்ட யானை வரும்போது இதையெல்லாம் செய்து முடிக்க முடியாது. அதனால் நிரப்பிய துவக்குகளைச் சுமந்துகொண்டு பக்கத்தில் ஆட்கள் நிற்பார்கள்.

மரையைப் பேக்கர் பெரும்பாலும் துவக்கால் சுடவில்லை என்று சொன்னால் பையன்களுக்கு நம்ப முடியாது. நுவரெலியாக் காட்டில் நாய்களை விட்டு விரட்டி, ஆற்றில் நிற்க வைத்து, கத்தியால் குத்துவார். அதுதான் வீரம் என்பது அவர் எண்ணம். அவர்கள் மரைக்கு 'எல்க்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அம்பேவலைப் பக்கம் இருக்கும் எல்க் பிளேன்ஸ் அந்தப் பெயர்தான்.

பேக்கருக்கு முன்னால் மேஜர் ரொஜர்ஸ். பதுளையில் உதவி அரசாங்க அதிபர். 1400 யானை சுட்டார் என்று சொல்வார்கள். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் விழுந்து இறந்தார். நுவரெலியாவில் கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்தில் அடக்கியிருக்கிறார்கள். அந்தக் கல்லறையிலும் மின்னல் விழுந்து வெடித்தது என்ற கதை ஊரெல்லாம் தெரிந்ததே. அந்தக் காலத்தில் யானை சுட்டால் அரசாங்கம் சன்மானமும் கொடுத்தது, பயிரை அழிக்கிறது என்று. இந்த வரியைச் சொன்னதும் வகுப்பில் எப்போதும் ஒரு சத்தமில்லாத நிமிடம் வரும். பயிர் அழிவது என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

1894இல் வேட்டைக்காரர்களே கூடி, சுட மிருகம் மிஞ்சாது என்று பயந்து, பாதுகாப்புச் சங்கம் வைத்தார்கள். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. 1937இல் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1988இல் ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்காவானது. மரை இன்று அங்கே வாகனத் தரிப்பிடத்துக்கே வந்து நிற்கிறது. யானை வரவில்லை. சுட்டது மட்டும் காரணமில்லை, காட்டை வெட்டிக் கோப்பியும் தேயிலையும் போட்டதும்தான். நம் பாட்டன் பூட்டன்மார் கையால் வெட்டிய காடு. அதையும் சொல்வேன்.

அந்த வருடம் பாடம் உயிரோடு இருக்கட்டும் என்று உம்மும்மாவின் பாக்குவெட்டியைக் கொண்டுபோனேன். கை கையாகச் சுற்றியது. ஒரு பையன் மட்டும் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு மூட்டைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தான். வழக்கமாகப் பின் வாங்கில் தூங்குகிறவன். கையை உயர்த்தினான்.

"சேர், ஈயம் எத்தன சூட்டுல உருகும்?"

என் இருபது வருட அனுபவத்தில் அவன் கேட்ட முதல் கேள்வி. எனக்குத் தலைகால் புரியவில்லை. 327 பாகை என்றேன். விஞ்ஞான ஆசிரியை சொல்ல வேண்டியதையும் சேர்த்துச் சொன்னேன். அச்சு குளிராக இருந்தால் சன்னத்தில் சுருக்கம் விழும், சூடேறியதும் வழவழப்பாக வரும், தனி ஈயம் மெதுமை, வெள்ளீயம் சேர்த்தால் கடினமாகும். கரும்பலகையில் படம்கூட வரைந்தேன். மணி அடித்தும் பிள்ளைகள் எழும்பவில்லை. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையடித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இடுக்கியை ஆசிரியர் அறை அலுமாரியில் வைத்தேன். பூட்டவில்லை.

மூன்று கிழமை கழித்து ஒரு திங்கட்கிழமை, பாடசாலை விட்ட பிறகு அந்தப் பையன் வாசலில் நின்றான். பத்திரிகைத் தாளில் சுற்றிய பொட்டலம். இடுக்கி. கூடவே நான்கு சன்னங்கள். அது காணாமல் போனதே எனக்குத் தெரியாது.

"நீயா ஊத்தினது?"

"ஆமா சேர்."

டயர் கடையில் கழற்றி எறிந்த ஈயக்கட்டிகள். விறகடுப்பு. ஒரு பழைய ரின்மீன் டப்பா. முதல் பத்து சரியில்லாமல் வந்து திரும்ப உருக்கிப் போட்டானாம். "நீங்க சொன்ன மாதிரி அச்சு சூடானதும் சரியா வந்திச்சி சேர்."

சன்னங்களைப் பார்த்தேன். வழவழவென்று, பள்ளம் பள்ளமாக, மூக்குத் தட்டையாக. எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது சந்தோஷம். ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப்போய்த் தராசில் போட்டேன். 25.6, 25.4, 25.7, 25.5. டயர்க் கட்டியில் ஈயத்தோடு வேறு உலோகமும் கலந்திருக்கும், அதனால் 26க்குக் கொஞ்சம் குறைகிறது. நான்குக்கும் இடையில் அரைக் கிராம்கூட வித்தியாசம் இல்லை. சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடைய மாட்டான் என்று நாங்கள் எழுதி வைத்த பையன்.

அதற்குப் பிறகுதான் கேட்டேன். "ஏன்டா நாலு? வேற இல்லையா?"

அவன் அழத் தொடங்கினான்.

ஐந்து வார்த்தானாம். ஐந்தாவது அவனுடைய மாமாவின் கட்டுத்துவக்கில் இருந்தது.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் பேர் பதிந்த தொழிலாளி. லயத்துக்கு மேலே, காட்டோரம், கைவிட்ட தேயிலை மலையில் கொஞ்ச நிலத்தில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் போட்டிருந்தார். விதைக்கிழங்கு கடன். உரம் கடன். காட்டுப்பன்றி ஒரு ராத்திரி வந்தால் போதும், உழவு மெஷின் போட்ட மாதிரி. முதலில் தகரம் தட்டினார். பிறகு பழைய சேலை கட்டினார். சுருக்குக் கம்பி வைக்க அவருக்குப் பயம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கம்பியில் மாட்டிய கருஞ்சிறுத்தை ஞாபகம் இருக்கும். உயிரோடு மீட்டு உடவலவைக்குக் கொண்டுபோயும் மூன்று நாளில் செத்துப்போனது. டிவி, பேப்பர் எல்லாம் வந்த பிறகு கம்பி என்றாலே எல்லாரும் விசாரித்தார்கள். யாரோ ஒருவர் அவருக்கு ஒரு கட்டுத்துவக்கு கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அதில் போடுவதற்கு உடைந்த ஆணி, சைக்கிள் போல் என்று பொறுக்கிக்கொண்டிருந்த மனிதரிடம் இந்தப் பையன் போய், "அது வேணாம் மாமா, பாரமா ஒரே சன்னமா இருந்தா பன்னி அதே எடத்துல விழுந்துரும், அவதிப்படாது" என்று சொல்லியிருக்கிறான்.

அப்படியே என் வார்த்தை.

"சேர், அந்தப் பாதையால விடியக்காலையில கொழுந்துக்குப் போற ஆளுங்க போவாங்க. சின்னம்மாவும் போவாங்க. நேத்து ராத்திரி தூங்கல சேர்."

ஆட்டோ பிடித்துப் போனோம். மேலே ஏறும்போது மிஸ்ட் இறங்கிவிட்டது. மாமா வாசலில் நின்றார். என்னைக் கண்டதும் உள்ளே போய் கதிரை கொண்டுவந்து போட்டார்.

"உக்காருங்க சேர். டீ குடிக்கிறீங்களா?"

"அண்ணே, அதக் கழட்டணும். இப்பவே."

அவர் பையனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சட்டம் பேசினேன். அனுமதியில்லாத துவக்கு, யாராவது செத்தால் கொலை. எல்லாவற்றையும் கேட்டார். சத்தம் போடவில்லை.

"சேர், நீங்க சொல்றது சரி. பன்னி வந்து தின்னுட்டுப் போனா எங்க கடன நீங்க கட்டுவீங்களா? அனுமதி போட்டுத் துவக்கு எடுக்கச் சொல்றீங்க. எங்க பேர்ல காணி இருக்கா? காணியே இல்லாதவனுக்குப் பயிர் காக்கத் துவக்கு யாரு குடுப்பா?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றைக்கும் இல்லை. "உங்க வீட்டுக்காரி அந்தப் பாதையாலதான் போறாங்க" என்றேன். "காலையில அஞ்சு மணிக்கே நான் போயி கழட்டிருவேன் சேர். இத்தன நாளா அப்பிடித்தான்" என்றார். ஒரு நாள் காய்ச்சல் வந்து படுத்துவிட்டால்? அதை நான் கேட்கவில்லை, பையன்தான் கேட்டான். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு டோர்ச்சை எடுத்தார்.

மூன்று பேரும் போனோம். மாமா முன்னால், என்னையும் பையனையும் கிட்ட வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு. கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார். குரல் வேறு மாதிரி இருந்தது.

ஏற்கெனவே வெடித்திருந்தது.

பகலில் அந்தப் பக்கம் யாரும் இல்லாத நேரம். பின்னேரம் மழை இரைச்சலில் லயத்துக்குச் சத்தம் கேட்கவில்லை போல. மாமாவின் கை நடுங்கியதில் டோர்ச் வெளிச்சம் தேயிலைச் செடி மேலெல்லாம் ஓடியது. முதலில் அவர் செய்தது லயத்துக்கு ஓடி எல்லாரும் வீட்டில் இருக்கிறார்களா என்று பார்த்ததுதான். நாங்களும் ஓடினோம். ஒவ்வொரு காம்பராவாகக் கேட்டோம். பிள்ளைகள், கிழவிகள், கடைக்குப் போனவர்கள். கடைசியாக வர வேண்டிய ஒரு பொடியன் வரும்வரை கானோரம் நின்றோம். எல்லாரும் இருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

திரும்பிப் போய் மண்ணைப் பார்த்தோம். இரத்தம். மழையில் கரைந்து, ஆனால் தேயிலை இலைகளின் அடிப்பக்கத்தில் தெளிவாக. பன்றியின் குளம்படி என்று நினைத்தால் பன்றி, மரை என்று நினைத்தால் மரை. சேறு எல்லாவற்றையும் குழப்பியிருந்தது. மேலே போய், கானைத் தாண்டி, காட்டு விளிம்பில் ஒரு கல்லில் கையளவு. அதற்கப்பால் டோர்ச் போகவில்லை. மாமா போக விடவில்லை, காயம்பட்ட பன்றி ஆளைக் கிழிக்கும் என்று.

பையன் கல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான்.

"சேர், பாரமாப் போட்டா அங்கேயே விழும்னு சொன்னீங்களே."

குறி பார்க்க ஒரு ஆள் இருந்தால்தான் அது. எந்த மிருகம், எந்த இடம், கிட்டவா தூரமா, பின்னால் குட்டி நிற்கிறதா என்று பார்க்க ஒரு கண் வேண்டும். வகுப்பில் அந்தப் பகுதியை நான் சொல்லவில்லை. படம் வரைந்தேன், நிறை சொன்னேன், உருகுநிலை சொன்னேன்.

அடுத்த நாள் விடிந்ததும் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு தேடினோம். நான் பாடசாலைக்கு அரை நாள் லீவு போட்டேன். எங்கள் வாப்பாவின் கத்தியைப் பையில் வைத்திருந்தேன், உயிரோடு கண்டால் வேதனையை முடிக்கலாம் என்று. ஒரு மணி வரை தேடினோம். கிடைக்கவில்லை. என்ன மிருகம் என்று இன்றுவரை தெரியாது.

கட்டுத்துவக்கை மாமாவே கழற்றி, நாங்கள் பார்க்கத் துண்டு துண்டாக உடைத்தார். பொலிஸில் ஒப்படைக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்று சிலர் சொல்வீர்கள். இருக்கலாம். மூன்று பிள்ளைகள் உள்ள வீடு. என்னால் முடியவில்லை.

நான்கு சன்னங்களையும் பையனே உருக்கினான், அதே டப்பாவில், நான் பக்கத்தில் நிற்க. இடுக்கியைக் கொல்லர் பட்டறைக்குக் கொண்டுபோய் அச்சுக் குழியை வெல்டிங் வைத்து அடைத்தேன். பட்டறைக்காரர் "பழைய சாமான் சேர், நல்ல வெல போகுமே" என்று இரண்டு தடவை சொன்னார். இப்போது அது கற்கண்டு உடைக்க மட்டுமே உதவும். உம்மும்மா சொன்னதுதான் கடைசியில் சரியானது.

பையன் கணிதத்தில் சித்தியடைந்தான், சாதாரண சித்திதான். இப்போது கொட்டகலையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பழகுகிறான். முதலாளி அவன் கையைப் பற்றிப் புகழ்ந்து பேசினார்.

மாமாவுக்குப் பாடசாலை பழைய மாணவர் சிலர் சேர்ந்து கம்பி வலை வாங்கிக் கொடுத்தோம். ஒரு பக்கத்துக்குத்தான் காசு போதியது. மற்ற மூன்று பக்கமும் தகரமும் சேலையும்தான். போன வியாழன் விடிய ஐந்தேகாலுக்கு, சுபஹு தொழுதுவிட்டு எழும்பும் நேரம், போன் அடித்தது.

"சேர், வந்துட்டுப் போயிருச்சி. ரெண்டு பாத்தி."

"வாறேன் அண்ணே" என்றேன். போய்ப் பார்த்தேன். மேல் பக்கத்தால், வலை இல்லாத பக்கத்தால் வந்திருக்கிறது. கிழங்கு எல்லாம் வெளியே கிடந்தது. அவருடைய மனைவி கடித்தது, கடிக்காதது என்று பிரித்துக்கொண்டிருந்தார். நானும் குந்தி உட்கார்ந்து பொறுக்கினேன். மேல் பக்கத்து வலைக்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்று அடியால் அளந்தோம், 64 அடி. உதவ முடிந்தவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.